அறுவை அரங்கில் ஈய அங்கி எல்லோருக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடை எலும்புக்குள் கம்பி செலுத்துவதானாலும் முதுகெலும்பில் திருகு பொருத்துவதானாலும், அது சரியான இடத்தில் அமர்ந்ததா என்பதைச் 'சி-ஆர்ம்' என்னும் எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்தே மருத்துவர்கள் இன்று முடிவு செய்கிறார்கள். நோயாளிக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. ஆனால் அதே அரங்கில் நிற்கும் செவிலியர், மயக்க மருத்துவர், டெக்னீஷியன், உதவியாளர் ஆகியோருக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பற்றிப் பல இடங்களில் யாரும் முறையாக எடுத்துச் சொல்வதில்லை என்பதை, ரேடியோகிராபராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கவலையுடன் எழுதுகிறேன்.

எக்ஸ்ரே அறையில் தடுப்புக்குப் பின்னால் நின்று படம் எடுக்கிறோம். அறுவை அரங்கில் அதற்கு வழியில்லை. கதிர் நேராகப் பாயும் பாதையில் யாரும் கை வைக்காவிட்டாலும், நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்கள் சுற்றி நிற்பவர்கள் அனைவர் மீதும் விழுகின்றன. சிதறல் எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கத்தில்தான் அதிகம் என்பதால், குழாயை மேசைக்கு அடியில் வைப்பதும், பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது குழாய்க்கு எதிர்ப்புறம் நிற்பதும் செலவே இல்லாத பாதுகாப்பு. ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால், அவர் மீது விழும் கதிர் ஏறத்தாழ கால் பங்காகக் குறைகிறது. கருவியை இயக்கும் பெடலிலிருந்து காலை எடுத்த கணமே கதிர் நின்றுவிடும், அறையில் எதுவும் தங்காது என்பதையும் சொல்லிவிட்டால், வீண் அச்சமும் தீரும்.

பணியாளர் மீது விழும் கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்யும் டிஎல்டி பேட்ஜ் பற்றியும் தவறான எண்ணங்கள் உண்டு. அது கதிரைத் தடுக்காது. வாங்கிய அளவைக் காட்டும், அவ்வளவே. அதை, கதிரைத் தடுக்கும் ஈய அங்கிக்கு உட்புறம் மார்பில் அணிய வேண்டும். மேசை இழுப்பறையில் கிடக்கும் பேட்ஜ் மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குச் சென்றால், எல்லாம் நலமே என்றுதான் அறிக்கை வரும். அந்தப் பொய்யான நிம்மதி, பேட்ஜ் இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. பணியாளரின் கண் வில்லைக்கான ஆண்டுக் கதிர்வீச்சு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஐந்தாண்டுச் சராசரியாக 20 ஆகக் குறைக்கும்படி சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் பரிந்துரைத்தது. கண்புரை அபாயம் முன்பு எண்ணியதைவிடக் குறைந்த அளவிலேயே தோன்றலாம் என்பதே காரணம். ஆயினும், ஈயக் கண்ணாடி அணிந்தவர்களை அரங்குகளில் காண்பது அரிது.

அங்கிகளின் நிலையும் கவனிக்கத்தக்கது. மடித்து நாற்காலியில் போட்டால் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது. தாங்கியில் தொங்கவிட்டு, ஆண்டுதோறும் எக்ஸ்ரேயில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், தேவையான படங்கள் அரங்கில் வைக்கப்பட்டுள்ளனவா என்று கேட்கிறது. படம் எடுக்கும்போது உடனிருப்போர் அங்கி அணிந்துள்ளார்களா என்று கேட்பதில்லை. இந்த ஒரு கேள்வியை நம் மருத்துவமனைகள் தாமாகவே சேர்த்துக்கொள்ளலாம். சி-ஆர்ம் வாங்கும் அதே கொள்முதல் ஆணையிலேயே, அரங்கில் நிற்போர் அனைவருக்கும் போதுமான அங்கிகளையும் கழுத்தில் அணியும் தைராய்டு காப்புகளையும் சேர்த்து வாங்கும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேடியோகிராபர்,
மதுரை.