மாமரத்து வல்லூறு

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 28

அன்புள்ள கண்ணு,

நீ போன் பண்ணும்போதெல்லாம் "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன் என்று வருத்தப்பட்டாய். நியாயம்தான். அம்மா நம்மை விட்டுப் போன மாசியிலிருந்து எனக்குப் பேச்சே வரவில்லை. வாயால் சொல்லத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடித்த ஒரு நாள், மாமரத்தடியில் வல்லூறுக் குஞ்சு ஒன்று கிடந்தது. பறக்கப் பழகும் பருவம், இறக்கையில் அடி. நெஞ்சு முழுக்கப் பழுப்புத் துளிகள், மஞ்சள் கண். 1972-ஆம் வருட வன உயிரினச் சட்டப்படி நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது. வனத்துறைக்குச் சொன்னேன். கால்நடை டாக்டர் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார். பறக்கிற வரை இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். வாச்சர் மட்டும் அடிக்கடி வந்து பார்த்தார்.

"கண்ணுக்கு நேரே பார்க்காதீங்க, மிரண்டுடும்." அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. வெறும் கறி ஆகாது, எலும்பும் இறகுமாகக் கொடுக்க வேண்டும். செரிக்காததை மறுநாள் காலையில் சின்ன உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையைப் பார்த்த பிறகுதான் நான் காபி போடுவேன்.

முதல் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, அம்மாவின் அறையில், மணிக்கட்டில் சாக்குத் துணி சுற்றி அதை உட்கார வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் இருந்தேன். கை மரத்துப்போனது. நாலு மணி இருக்கும், கழுத்துக்கறியை ஒரு இழு இழுத்தது. அத்தனை நேரமும் ஆஸ்பத்திரி வராந்தா எனக்கு ஞாபகம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் விசிலுக்கு வரப் பழகியது. முதலில் ஒரு முழம், பிறகு கிணற்றடியிலிருந்து திண்ணை வரை. கையில் வந்து இறங்கும்போது கனமே தெரியாது, நகம் மட்டும்தான் தெரியும். வைத்துக்கொள்ள ஆசை வந்தது கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாச்சர் விசிலை நிறுத்தச் சொன்னார். ஓட்டின்மேல் கறியை வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். ஆடி பத்து வாக்கில் தானே ஓணான் பிடித்தது. அதற்கப்புறம் கறியைக் காக்காய்தான் தின்றது.

நேற்று வல்லூறின் குரல் கேட்டு வெளியே ஓடினேன். கரண்ட் கம்பியில் கரிச்சான். மைனாக்களை விரட்ட வல்லூறு மாதிரியே கத்துமே, அதுதான். அங்கேயே நின்று அழுதேன். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை, நீதான் பார்த்தாயே.

உள்ளே வந்து அம்மாவின் பீரோவைத் திறந்தேன். மாம்பழக் கலர் சேலையை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஓணத்துக்கு லீவு சொல்லிவிட்டு வா.

அப்பா