சாருக்கு: நோட்டுகளை ஏற்றிவிட்டேன்

சார்,

நேற்று நவம்பர் 16, கஜா புயல் அடித்த நாள். ராத்திரி உட்கார்ந்து நீங்கள் பறவைகளை எண்ணி எழுதிய கடைசி நோட்டையும், பறவை பார்ப்பவர்கள் தங்கள் கணக்கைப் பதிந்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றி முடித்தேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதற்குள் நானே சொல்லிவிட நினைத்தேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இப்படி ஊரறிய எழுதுகிறேன். நம்ம குழுவில் இருந்தவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும்.

கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள், அப்புறம் அந்த நோட்டுகள் கரையான் வாய்க்குத்தான் போயிருக்கும். ஏற்கெனவே இரண்டின் ஓரத்தை அரித்துவிட்டது.

நீங்கள் ஏன் மறுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. உப்பள வரப்பில் ஆலா முட்டை வைத்திருந்த இடத்துக்கு கேமராவும் கையுமாக ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் கிளம்புகிறவரை தாய்ப்பறவை இறங்கவே இல்லை, முட்டைகள் மே மாத வெயிலில் வெந்தன. அந்த இடத்தை யார் சொன்னார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இதைப் படிக்கப்போகும் அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தீர்கள். ஒருவர் செய்ததற்கு எங்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தினீர்கள்.

கூடு இருந்த இடம் எதையும் நான் ஏற்றவில்லை. அந்தப் பக்கங்களுக்கு வரப்பு, பாத்தி எதுவும் குறிப்பிடாமல் கோடியக்கரை சரணாலயம் என்று மட்டும் போட்டிருக்கிறேன். உங்களுக்குப் பயந்து செய்யவில்லை, எனக்கே அதுதான் சரி என்று பட்டது.

கஜா பக்கத்தை டைப் செய்யத்தான் ரொம்ப நேரம் ஆனது.

காற்று நின்று சில நாள்தான் ஆகியிருந்தது. கோடியக்காடு ரோட்டில் விழுந்த மரத்தையெல்லாம் அப்போதுதான் அறுத்து ஓரம் தள்ளியிருந்தார்கள். உப்பளத்துக்குள் கடல் சேறு ஏறி, பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. அம்பாரமாய்க் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போயிருந்தது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் 'உயிர்' என்றும் இன்னொரு பக்கம் 'செத்தது' என்றும் எழுதினீர்கள். கடற்காகம், ஆலா, நாரை என்று நான் சொல்லச் சொல்ல இரண்டாவது பக்கம்தான் நிறைந்துகொண்டு போனது. சேற்றில் கால் புதைந்து கிடந்த ஒரு மானைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். மானுக்குக் கட்டம் போடவில்லை.

அப்புறம் அந்தச் சேற்றிலேயே, கொஞ்சம் தள்ளி, சின்ன உள்ளான்கள். சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவிகள். தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தன. "பாரும்மா, தின்னுதுங்க" என்றீர்கள். உங்கள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. பைனாகுலரை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். பத்துப் பத்தாக எண்ணு, பிறகு அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து மொத்தக் கூட்டத்துக்கும் கணக்குப் போடு என்று முதல் முறை சொல்லித் தருவது போலவே சொன்னீர்கள். அன்றைக்கு உங்களை எனக்கு அவ்வளவு பிடித்தது.

ஆனால் அன்று எங்கள் அப்பாவின் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது, சார். அதை அப்படியே விட்டுவிட்டுத்தான் உங்களோடு வந்தேன். தோப்பு என்ன ஆச்சு என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மணி என்ன?" என்று மட்டும் கேட்டீர்கள், நோட்டில் எழுத. உங்கள் வீட்டிலும் அப்போது கூரை இல்லை. அன்று அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதை இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுத மாட்டேன். டீச்சர் பக்கம்தான் நியாயம் இருந்தது, அதை மட்டும் சொல்கிறேன்.

டைப் செய்யும்போது அந்தப் பக்கத்தின் ஓரமெல்லாம் தேடினேன். காற்றின் திசை, நீர் மட்டம், நேரம், எண்ணிக்கை. மனுசர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கோபத்தோடுதான் ஏற்றினேன், ஆனால் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்று கேட்பீர்கள். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில் 942 இனங்களை எடுத்துக்கொண்டார்கள். நீண்டகாலத்தில் எது கூடியது, எது குறைந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது 338-க்கு மட்டும்தான். 2000-க்கு முன்னால் எழுதி வைத்தவர்கள் அவ்வளவு குறைவு. வலசை வரும் கரைப்பறவைகள் குறைகின்றன என்று அதே அறிக்கை சொல்கிறது. நீங்கள் 'வளைமூக்கு உள்ளான்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்களே, கர்லூ சாண்ட்பைப்பர், அதை 2024-இல் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சிறுதலைக்காட்டுப் பக்கம் ஒரு காலத்தில் அது எப்படி வந்தது என்பது உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று நான் பல நாள் யோசித்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை.

சில சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. முனியப்பன் ஏரிப் பக்கங்களில் 'ப.கா.' என்று எழுதியிருப்பது பவளக்காலியா, பச்சைக்காலியா? இரண்டுக்கும் அதே எழுத்துதான் வருகிறது. வெறும் 'உள்ளான் நிறைய' என்று இருக்கும் இடத்தில் இனத்தையும் எண்ணையும் நானாக ஊகித்துப் போடவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

ஜனவரி 15 முதல் 18 வரை பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. இந்த முறை குழுவைக் கூட்டப்போவது நான்தான். பழைய ஆட்களோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருகிறார்கள். அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 2023-லிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது, ஸ்டேஷனுக்கு நான் வண்டி கொண்டு வருவேன். டீச்சரையும் அழைத்து வாருங்கள், எங்கள் வீட்டில் தங்கலாம். வர மனசில்லை என்றால் 'ப.கா.' எது என்பதையாவது சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுவேன், எடுங்கள்.