விபரத்திரட்டுக்கு முன்னரே வரும் வரித் தவணைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30 ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்குமாறு நினைவூட்டித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி பயனுள்ளதே. எனினும், புதிதாகச் சுயதொழில் தொடங்கியோருக்கு அந்தத் திகதியை மட்டும் அறிந்திருப்பது போதாது. மாதச் சம்பளக்காரரின் வரியைத் தொழில்தருநரே கழித்துச் செலுத்திவிடுகிறார். சுயதொழிலாளரோ, 2025/2026 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரையான வரி ஆண்டு) நடைமுறையிலுள்ள 18 இலட்சம் ரூபா வரி விடுவிப்பெல்லையை அவரது ஆண்டு வருமானம் கடக்குமெனின், ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிகளில் தாமாகவே தவணைப்பணம் செலுத்தி, மீதியைச் செப்டெம்பர் 30 இற்குள் தீர்க்க வேண்டும். அதாவது, விபரத்திரட்டை நிரப்ப அமரும்போது பணம் கட்டும் நாட்கள் யாவும் கடந்திருக்கும்.

தோட்ட அலுவலக வேலையை விட்டு, கந்தப்பளையில் மரக்கறி வாங்கித் தம்புள்ளைக்கு அனுப்பும் தொழிலில் இறங்கிய எனக்கு, லீக்ஸ், கரட் மூட்டைகளின் நிறையையும் விலையையும் விவசாயிகள் பென்சிலால் குறித்துத் தந்த துண்டுகளே கொள்வனவுக்கான ஒரே சான்று. முதல் நாளிலிருந்தே அவற்றைப் பேணியிராவிட்டால் செலவைக் காட்ட வழியே இருந்திராது. ஆகவே, வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் வழங்கப்படும் பிரதேச செயலகங்களிலேயே, இத்திகதிகளையும் பேண வேண்டிய பற்றுச்சீட்டுகளையும் தமிழில் விளக்கும் ஒற்றைத்தாளொன்றைச் சேர்த்துக் கொடுக்க உள்நாட்டு இறைவரித் திணைக்களம் ஏற்பாடு செய்யலாம்.

வாசகர்,
நுவரெலியா.