ஆடிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீடியோ கேம் கட்டுரையைப் படித்தேன். பிரபலமான சில விளையாட்டுகளின் கதைச் சுருக்கத்தை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவற்றில் எதுவும் ஒரு சுமாரான சிறுகதைக்குக்கூட ஈடாகாது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். சுருக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் இது மெட்டைக் கேட்காமல் வரிகளை மட்டும் படித்துவிட்டுப் பாட்டு நன்றாக இல்லை என்பது போன்றது.

நானும் அவரைப் போல நினைத்திருந்தவன்தான். மகள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவள் பொறுமை இழந்து, “அப்பா, நீங்களே ஆடிப் பாருங்கள்” என்று விளையாட்டை இயக்கும் கன்ட்ரோலரைக் கையில் திணித்துவிட்டாள். அன்று அவள் போட்டுக் கொடுத்தது ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’. 2013இல் வந்தது. அதை உருவாக்கிய ஜோசப் ஃபாரெஸ் அதற்கு முன் சினிமா இயக்குநராக இருந்தவர்.

கதை இரண்டு வரிதான். நோயில் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து தேடி அண்ணனும் தம்பியும் கிளம்புகிறார்கள். அவர்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை, விளையாட்டுக்கென்றே கட்டிய மொழி. ஆடும் முறைதான் விசேஷம். கன்ட்ரோலரின் இடது பக்க ஸ்டிக்கும் பட்டனும் அண்ணனுக்கு, வலது பக்கம் தம்பிக்கு. ஒரே ஆள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். முதல் அரை மணி நேரம் ஒருவன் சுவரில் முட்டுவான், இன்னொருவன் வேறு எங்கோ போவான். மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அம்மா நீரில் மூழ்கி இறந்ததைப் பார்த்தவன் என்பதால் தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். எனவே ஆறு குறுக்கிட்டால் அவன் அண்ணன் முதுகைப் பற்றிக்கொள்வான், அண்ணன்தான் நீந்துவான்.

முடிவைச் சொல்லப் போகிறேன். ஆட எண்ணியிருப்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

மருந்து இருக்கும் இடத்தருகே அண்ணன் இறந்துவிடுகிறான். தம்பியே அவனைப் புதைக்க வேண்டும், அதுவும் நம் கையால். அப்புறம் தனியாக ஊர் திரும்பும்போது வழியில் வெள்ளம். தம்பியின் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அவன் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்கிறான். என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்றேன். அதுவரை சும்மா கிடந்த என் இடது கை விரல் தற்செயலாக அண்ணனின் பட்டனை அழுத்தியது. தம்பி நீந்தத் தொடங்கினான்.

வசனம் இல்லை, விளக்கம் இல்லை. அண்ணன் அவனுக்குள் இருக்கிறான் என்பதை என் விரல்தான் தெரிந்துகொண்டது. மகள் பார்க்கக் கூடாதென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். இந்தக் காட்சியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால், ஒரு பையன் ஆற்றைக் கடக்கிறான், அவ்வளவுதான்.

‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ இன்னொரு வகை. லூகாஸ் போப் உருவாக்கி அதே 2013இல் வெளியிட்டது. ஆர்ஸ்டாட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் ஊழியர் நாம். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து முடிக்கிறோமோ அத்தனைக்குத்தான் சம்பளம். வாடகை, சாப்பாடு, குளிர்காலக் கணப்பு எல்லாம் அதிலிருந்துதான். ஒரு கணவன் எல்லாக் காகிதங்களோடும் வந்து உள்ளே போகிறான். போகும்போது, அடுத்து வருவது என் மனைவி, கொஞ்சம் தயவு காட்டுங்கள் என்கிறான். மனைவியிடம் ஒரு அனுமதிச் சீட்டு இல்லை. விட்டால் எச்சரிக்கை வரும், எச்சரிக்கைகள் சேர்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, வரிசை நீண்டு நிற்கிறது. நான் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். அதிகாரம் மனிதரை எப்படிக் கல்லாக்குகிறது என்று எத்தனையோ படித்திருக்கிறேன். கல்லாகிப் பார்த்தது அன்றுதான்.

எல்லா விளையாட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 2015இல் வந்த ‘தி விட்சர் 3’ எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஆபத்தில் இருக்கும் வளர்ப்பு மகளைத் தேடிப் புறப்பட்ட அதன் நாயகன் கெரால்ட், வழியில் கண்ட கண்ட விடுதிகளில் உட்கார்ந்து நாள்கணக்கில் க்வென்ட் சீட்டாடலாம். கதை அவசரம் என்கிறது, ஆட்டம் நிதானமாக வா என்கிறது. கட்டுரையாளர் குறை சொல்ல நினைத்திருந்தால் இங்கே கை வைத்திருக்கலாம்!

பழைய விளையாட்டுகளில் யோசனையே இல்லை என்ற வரியும் உறுத்தியது. ‘பேக்-மேன்’ விளையாட்டில் நான்கு பேய்களும் கண்மூடித்தனமாகத் துரத்துகின்றன என்று எழுதியிருந்தார். தவறு. 1980இல் தோரு இவாடானி அதை வடிவமைத்தபோதே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது. சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் முன்னால் சென்று மறிக்கப் பார்க்கும். நீலம் எங்கே குறிவைக்கும் என்பது சிவப்பு நிற்கும் இடத்தையும் பொறுத்தது. ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்வரை விரட்டும், கிட்டே வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். அதற்கும் முன்னால், 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் 55 வேற்றுக்கிரகவாசிகள் இருந்தார்கள். நாம் அவர்களைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்தக் காலத்து இயந்திரத்துக்குத் திரையில் வரையும் வேலை குறையும், அதனால் வந்த வேகம் அது. உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். கடைசி ஒற்றை எதிரியைச் சுட முடியாமல் தவிக்கும் அந்தப் பதற்றம் அங்கிருந்து வந்ததுதான்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘ஷேடோ ஆஃப் த கொலாசஸ்’ என்ற விளையாட்டைப் பற்றி அவர் எழுதுவார் என்று இதழின் கடைசிப் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்கள். அதில் வீழ்த்த வேண்டிய பூதங்கள் மொத்தம் 16தான். அவற்றில் மூன்றையாவது அவர் தன் கையால் வீழ்த்தட்டும். உடம்பின் ரோமத்தைப் பற்றித் தொங்கும்போது பிடி பட்டனை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவார். பூதம் சாயும்போது வெற்றி முழக்கத்துக்குப் பதிலாக ஏன் சோக இசை வருகிறது என்பதை அவரே எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்