கரடிக்குப் பயப்படாதம்மா

சியாட்டில், அமெரிக்கா,
செப்டம்பர் மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். ஆயா கால் வீக்கம் வத்துச்சா? ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மறுபடி காட்டினீங்களா?

நான் மலைக்குப் போறேன்னு சொன்னதுலேர்ந்து காசிமேடு முழுக்கக் கரடிக் கதை சொல்லிட்டு இருக்கியாமே, தங்கச்சி சொன்னா. கரடி இருக்கு, இல்லேங்கல. ஆனா இங்க பாக்குறது கருங்கரடி. மனுஷன் சத்தம் கேட்டா பெரும்பாலும் அதுவே விலகிப் போயிடும். அதனால புதர்ப் பக்கம் சத்தமாப் பேசிக்கிட்டே நடக்கணும்னு சொல்லித் தர்றாங்க. நம்ம தெருக்காரனுக்கு அதை யாரும் சொல்லித் தரணுமா?

நான் போறது மவுண்ட் பேக்கர்-ஸ்னோக்வால்மி தேசிய வனம். கனடா எல்லையில தொடங்கி தெற்கே 140 மைல் நீளம். வருஷத்துக்கு 30 டாலர் குடுத்து ஒரு சீட்டு வாங்கி, வண்டிக் கண்ணாடியில தெரியற மாதிரி வெச்சிட்டா அங்க நிறுத்திட்டு நடக்கலாம். பயப்படணும்னா குளிருக்குப் பயப்படு. பேக்கர் மலையில 1998-99 சீசன்ல மட்டும் 95 அடி பனி கொட்டியிருக்கு. ஒரேயடியா அவ்ளோ உயரம் நிக்கல, விழ விழ அளந்து கூட்டின கணக்கு.

ஆயாவுக்கு ஆட்டுக் கதையைச் சொல்லு, சிரிக்கும். வெள்ளை முடி தொங்கற மலை ஆடுங்க. பக்கத்துல ஒலிம்பிக் தேசியப் பூங்கான்னு ஒண்ணு, நிலத்துக்குள்ள நுழைஞ்சு கிடக்கற கடலுக்கு அந்தப் பக்கம். அந்த மலை இதுங்களுக்குச் சொந்த ஊரு இல்ல. 1920கள்ல வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டாங்க. அங்க நக்க உப்பு கிடைக்காம, நடக்க வர்றவங்க வேர்வைக்கும் மூத்திரத்துக்கும் பின்னாடியே வர ஆரம்பிச்சிடுச்சு. 2010ல ஒருத்தரை முட்டி அவர் செத்தே போயிட்டார். அப்புறம் 2018லேர்ந்து 2020 வரைக்கும் கண்ணைக் கட்டி, ஹெலிகாப்டர்ல தொங்கவிட்டு, 300க்கு மேல பிடிச்சு இந்தப் பக்கத்து மலைங்கள்ல கொண்டாந்து விட்டாங்க. இந்த மலைங்க அதுங்களுக்குப் பரம்பரை இடம். இப்பவும் ஆடு மேயற பக்கம் பாதையோரத்துல ஒண்ணுக்குப் போகாதேன்னுதான் சொல்றாங்க.

இது அப்பாவுக்கு. இங்க சால்மன் மீன் ஆத்துல பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, திரும்ப ஆத்துக்குள்ள எதிர்த்து ஏறி வந்து முட்டை போட்டுட்டுச் செத்துடும். பிங்க் சால்மன்னு ஒரு வகை, ஒத்தைப்படை வருஷத்துலதான் கூட்டமா ஏறும். குளிர்காலத்துல ஸ்காஜிட் ஆத்தோரம் செத்த மீனைத் தின்ன வெண்தலைக் கழுகுங்க நூத்துக்கணக்குல வந்து உக்காரும். நாம மீன் பிடிக்கணும்னா ஆளுக்கு லைசன்ஸ், ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான்னு கணக்கு. நம்ம ஊர் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையே திட்டற அப்பா இதைக் கேட்டா என்ன சொல்வாரோ!

டிசம்பர்ல மாமா வரும்போது நெத்திலிக் கருவாடு குடுத்தனுப்பு. அது வீட்டுக்கு மட்டும். மலைக்கு எடுத்துட்டுப் போனா, நான் மேல சொன்னதெல்லாம் பொய்யாயிடும். ராத்திரி கரடி கூடாரத்தைத் தேடி வந்துடும். வாசனை உள்ள சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவுல போட்டுத் தூரமா வெச்சிட்டுத்தான் படுக்கிறோம்.

இப்படிக்கு,
உன் மூத்தவன்