மணிக்கு வந்தது சொறி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் வாசகர் பகுதியில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். தம் வீட்டு நாயின் மூக்குத் தண்டிலும் இரு காதுகளிலும் மஞ்சள் பொருக்குகள் படிந்திருப்பதாகவும், மூன்று மாதமாக வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவியும் ஆறவில்லை என்றும், பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்ற அச்சத்தில் இம்மாத இறுதிக்குள் ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவிடலாம் என்று எண்ணுவதாகவும் அவர் குறிப்பிட்டிருந்தார். அவருடைய நாய்க்கு என்ன நோய் என்பது எனக்குத் தெரியாது. நான் மருத்துவனும் அல்லன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஆயினும் அவர் எழுதிய அடையாளங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் நாய் மணியிடம் கண்டவற்றோடு ஏறத்தாழ ஒத்திருப்பதாலும், அவர் செய்துகொண்டிருக்கும் தவறுகளை நானும் ஒன்றுவிடாமல் செய்தவன் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மணி லாப்ரடார் கலப்பு. அப்போது ஐந்து வயது, முப்பது கிலோ எடை. முதலில் மூக்குத் தண்டில் சிறு சீழ்க்கொப்புளங்கள் வந்தன. ஒரே நாளில் உடைந்து, தேன் காய்ந்தாற்போல் பொருக்குக் கட்டின. இரண்டு வாரத்தில் கண்களைச் சுற்றியும் காது மடல்களிலும் அதே கோலம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. ஒருவர் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசச் சொன்னார். அதை மட்டும் நான் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அன்போடு வேப்பிலை அரைத்துக் கொடுத்தார். அது வேப்பிலையே அன்று என்பது பிறகுதான் தெரிந்தது. நம் வீடுகளில் வேம்பு என்று நம்பி நாம் பறிப்பது பல நேரங்களில் வேம்பைப்போலவே தோன்றும் சிரிங்கா மரத்தின் இலையாக இருக்கிறது. அம்மரத்தின் மஞ்சள் காய்கள் நாய்க்கு நஞ்சு, தின்றால் வாந்தியும் வலிப்பும் வரும். நாய் நக்கும் இடத்தில் எதைப் பூசினாலும் அது அதன் வயிற்றுக்குள்தான் போகிறது என்பதை நான் அந்நாளில் எண்ணிப் பார்க்கவில்லை.

முதலில் காட்டிய மருத்துவமனையில் சொறி என்று கருதி மருந்துக் குளியல் கொடுத்தார்கள். பிறகு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை. மாத்திரை தின்ற நாட்களில் சற்றுக் குறைந்தது, நிறுத்தியதும் மீண்டும் வந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உடைந்த தோலில் கிருமிகள் குடியேறுவது இயல்பே, ஆகவே கிருமியைக் கொன்றால் பாதி ஆறினாற்போல் தோன்றும். ஆனால் நான்கு மாதத்தில் உள்ளங்கால் திண்டுகள் தடித்து வெடித்து, மணி நடக்கவே மறுத்தபோதுதான் வேறொரு மருத்துவரிடம் போனோம். அந்த அம்மையார் செய்த முதல் காரியம், மணியின் முகத்தை நேருக்கு நேர் வைத்துப் பார்த்ததுதான். வலப்பக்கம் எப்படியோ இடப்பக்கமும் அப்படியே இருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருபுறமும் ஒத்து வரும் நோயை உடனே சொறி என்று சொல்லிவிடக் கூடாது, உடலின் உள்ளிருந்து வருவதாக இருக்கலாம் என்றார்.

உடையாத ஒரு கொப்புளத்தைத் தேடிப் பிடித்து, ஊசிமுனையால் திறந்து, சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு தோலை மரக்கச் செய்து பொருக்கோடு சேர்த்து மூன்று சிறு துண்டுகள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: மருத்துவரிடம் போகிறோமே என்று நான் அன்று காலையில்தான் மணியின் முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தேன். இந்நோயின் சான்று அந்தப் பொருக்குக்குள்தான் இருக்கிறது என்பதால், என் சுத்தத்தின் பயனாகப் பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை போக வேண்டியதாயிற்று.

முடிவில் வந்த பெயர் பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ். நாய்களுக்கு வரும் தன்னுடல் தாக்குத் தோல்நோய்களில் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. மேல்தோலின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பது பூவை நாரில் தொடுத்திருப்பது போன்றது. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்பொருள்கள், தடுமாறிப்போய் அந்த நாரையே பகையென்று எண்ணி அறுக்கின்றன. நார் அறுந்த இடத்தில் அணுக்கள் உதிர்ந்து உருண்டு மிதக்கின்றன, அவ்விடத்தில் வெள்ளணுக்கள் வந்து நிறைந்து கொப்புளமாகிறது. அந்தச் சீழில் கிருமி இல்லாமலும் இருக்கலாம் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. ஃபீனிக்ஸ் அன்பர் இதைக் கவனிக்க வேண்டும்: நோய் இதுவேயானால், இது பேரப்பிள்ளைக்கோ பக்கத்து வீட்டு நாய்க்கோ தொற்றாது. ஆனால் படர்தாமரையும் ஒருவகைச் சொறியும் மனிதருக்குத் தொற்றும். அவற்றின் தோற்றம் சில வேளை இதையே ஒத்திருக்கும். ஆகையால் பரிசோதனைதான் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

இன்னொன்றும் உண்டு. மூக்கு நுனியின் கறுப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகி, அதன் சொரசொரப்பு போய் வழுவழுப்பாகிவிட்டது என்றும் அவர் எழுதியிருந்தார். மணிக்கு அப்படி ஆகவில்லை. டிஸ்காய்ட் லூபஸ் என்ற வேறொரு தன்னுடல் தாக்குநோயில் அப்படி ஆகும் என்று எங்கள் மருத்துவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும், டாக்ரோலிமஸ் களிம்பும் வெயிலைத் தவிர்ப்பதுமே பல நாய்களுக்குப் போதும். அவ்வளவு எளிதாக ஆளத்தக்க ஒன்றுக்காக ஓர் உயிரை முடித்துவிடுவது என்றால் மனம் ஒப்பவில்லை.

மணிக்குக் கிடைத்தது எளிய வைத்தியம் அன்று. எடையில் ஒரு கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, அதாவது 5 மில்லிகிராம் மாத்திரைகள் பன்னிரண்டு, அத்துடன் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதியோபிரின். பன்னிரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் புதுக் கொப்புளம் நின்றது, ஆறு வாரத்தில் முகத்தில் மயிர் முளைத்தது. ஆனால் அந்த ஆறு வாரமும் வீடு வீடாக இல்லை. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது, இரவில் மூன்று முறை வெளியே போக எழுப்பியது, எழுப்பாதபோது கூடத்திலேயே இருந்துவிட்டது. அதற்காக அதட்டக் கூடாது. அது மருந்தின் வேலை. பசியோ சொல்லி மாளாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்கு வைத்திருந்த பிரியாணிச் சட்டியை எலும்போடும் வெங்காயத்தோடும் காலி செய்துவிட்டு, அன்று இரவு மருத்துவமனையில் கழித்தது. வெங்காயமும் பூண்டும் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைப்பவை என்பதை அங்கேதான் கற்றோம்.

அசாதியோபிரின் மெதுவாக வேலை செய்யும். பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அது எலும்பு மஜ்ஜையையும் ஈரலையும் தாக்கக்கூடும் என்பதால் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கையுறை போட்டுக்கொண்டே அதைத் தொட வேண்டும், மாத்திரையை உடைக்கக் கூடாது, கருவுற்ற பெண்கள் அதன் பக்கமே போகக் கூடாது. எங்கள் மருமகள் அப்போது ஆறு மாதம். ஆகவே மணியின் மருந்துப் பொறுப்பு முழுவதும் என்னிடமே இருந்தது. அந்தப் பொறுப்பை நான்தான் தவறவிட்டேன்.

அது நடந்தது ஐந்தாம் மாதத்தில். மணியின் தோல் பட்டுப்போல் ஆகிவிட்டது; பார்த்தவர்கள் நோய் வந்த நாயா என்று கேட்டார்கள். வயிறு தொங்கி, தொடைத் தசை கரைந்து, படியேறவே இளைத்ததும் அந்தப் பிரெட்னிசோன் மாத்திரையால்தானே என்று எனக்கு அதன்மேல் கோபம். மருத்துவர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு மட்டும் குறைத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பொறுமையில்லை. தோல் ஆறிவிட்டது, இனி எதற்கு நஞ்சு என்று ஒரு திங்கட்கிழமை காலை அடியோடு நிறுத்திவிட்டேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை மணி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. வியாழன் வாந்தி. வெள்ளிக்கிழமை எழுந்து நிற்க முயன்று கால்கள் மடங்கி விழுந்தது.

மருத்துவர் விளக்கியது இதுதான். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி நாள்தோறும் இயற்கையாகவே கார்டிசாலைச் சுரக்கிறது. வெளியிலிருந்து அதே இனத்து மருந்து மாதக்கணக்கில் வந்து குவியும்போது, மூளையடிச் சுரப்பி இனி தேவையில்லை என்று கட்டளையிடுவதை நிறுத்திவிடுகிறது. அட்ரினல் சுருங்கி உறங்கிப்போகிறது. மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைப்பது தோலுக்காக மட்டுமன்று, அந்தச் சுரப்பியை எழுப்புவதற்காகவும்தான். நான் அதை எழுப்பாமலே மருந்தைப் பறித்துவிட்டேன். இரண்டு நாள் நரம்பு வழியாக ஏற்றிய மருந்தில் மணி பிழைத்தது. ஆனால் நோயும் திரும்பி வந்தது. மீண்டும் பன்னிரண்டு மாத்திரையிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் முறை அடங்க மூன்று மாதம் பிடித்தது.

நம் ஊரின் நிலைமைக்கேற்பக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டர்பன் வெயிலின் புற ஊதாக் கதிர் இந்நோயைக் கிளப்பிவிடக்கூடும். ஆகவே காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை மணி வெளியே போவதில்லை. மனிதருக்கான வெயில் களிம்பைப் பூசிவிடலாம் என்று எண்ணுபவர்கள், அவற்றில் சிலவற்றில் உள்ள துத்தநாகம் நக்கினால் நாய்க்கு நஞ்சு என்பதை அறிந்திருக்க வேண்டும். உண்ணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கு எல்லாரும் பிலியரி என்று சொல்லும் உண்ணிக் காய்ச்சல் நலமான நாயையே சில நாட்களில் கொன்றுவிடும். எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் நாய்க்கு அது வந்தால் என்னாகும் என்று நினைத்தே நான் நாள்தோறும் மாலையில் மணியின் காது, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கிறேன். உண்ணி மருந்தையும் மருத்துவரைக் கேட்டே போடுகிறேன்.

தடுப்பூசி பற்றிப் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வெறிநாய்க்கடி நோய் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. அதற்கான தடுப்பூசி நாட்டின் சட்டப்படிக் கட்டாயம். அது கொல்லப்பட்ட வைரஸால் ஆனது, ஆகையால் ஊசியாலேயே அந்நோய் வந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். உயிருள்ள வைரஸைக் கொண்ட மற்ற ஊசிகளின் செய்தி வேறு; அவற்றை மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது போடலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தெருமுனை முகாமுக்குக் கூட்டிப்போகிறவர்கள், நாய் தின்னும் மாத்திரையின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. அதுபோலவே, கால் நொண்டுகிறதே என்று நாம் தின்னும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது; பிரெட்னிசோனோடு அது சேர்ந்தால் குடலில் புண் விழுந்து இரத்தம் கசியும்.

செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்குத் திசுப் பரிசோதனையும் தொடர்ந்த இரத்தப் பரிசோதனையும் பாரந்தான். ஆனால் மாத்திரை அவ்வளவு பாரமன்று: பிரெட்னிசோனும் அசாதியோபிரினும் மனிதருக்குத் தருபவையே என்பதால், கால்நடை மருத்துவரின் சீட்டைக் கொண்டு சாதாரண மருந்துக் கடையில் மலிவான வகையை வாங்கிக்கொள்ளலாம். சீட்டில்லாமல் யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. எல்லா நாய்க்கும் மணியைப்போல் வாய்த்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். மருந்துக்கு அடங்காதவையும் உண்டு, மருந்தின் தீங்கைத் தாங்காதவையும் உண்டு. அந்நிலையில் துன்பத்தை நீட்டிக்காமல் விடைகொடுக்கும் வீட்டாரை நான் குறை கூற மாட்டேன். மணிக்கு இப்போது ஒன்பது வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மாத்திரை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. பேத்திக்கு அதன் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் விளையாட்டு.

ஃபீனிக்ஸ் அன்பர் மாத இறுதி என்று கெடு வைத்திருப்பதால், இக்கடிதத்தை இயன்றவரை விரைந்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அவர் எண்ணெய் தடவுவதை நிறுத்தட்டும். யாரேனும் ஸ்டீராய்டு ஊசியோ களிம்போ ஏற்கெனவே கொடுத்திருந்தால், அது பரிசோதனையின் முடிவை மறைத்துவிடும் என்பதால், அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் முதலிலேயே சொல்லட்டும். போகும் நாளன்று நாயின் முகத்தை மட்டும் தயவுசெய்து கழுவ வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.