உட்கார்ந்தால் வலி, படுத்தால் இல்லை

கண்ணம்மா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் அவசரத்தில் ஒரு பதில் சொல்லிவிட்டேன். "என்னைப் பெத்தப்போ உனக்கு ஒரு தலைவலி வந்துச்சே, அது எனக்கும் வருமாம்மா?" என்றாய். "சேச்சே, அதெல்லாம் வராது, நிம்மதியாத் தூங்கு" என்றேன். போனை வைத்த பிறகு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நீ பயப்படக் கூடாதே என்று அப்படிச் சொன்னது தப்பு. உன் சிசேரியனுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். அந்த நாட்களில் உனக்காகப் பேச வேண்டியவர் அவர்தான்.

நீ பிறந்த அன்று எனக்கு முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். முதல் தடவை சரியாக அமையவில்லை, மறுபடி குத்தினார்கள். அப்புறம் இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது, உன் அழுகைச் சத்தம் கேட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அன்று முழுக்க ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம் நர்ஸ் என்னை எழுப்பி உட்கார வைத்தார். பத்து எண்ணுவதற்குள் பிடரியில் யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. அங்கிருந்து உச்சிக்கு ஏறி, நெற்றிக்கு இறங்கி, கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றது. காது இரண்டும் அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் பேசியது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. குமட்டல் வேறு. தாங்க முடியாமல் சாய்ந்துவிட்டேன். தலையணையில் தலை பட்டுக் கொஞ்ச நேரத்தில் வலி இருந்த இடமே தெரியவில்லை.

அதனால்தான் யாரும் நம்பவில்லை. படுத்திருக்கும் என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன். தலை வலிக்கிறது என்றால், "ராத்திரி தூக்கம் இல்லையே, வலிக்காம என்ன செய்யும்" என்பார்கள். மாத்திரை கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன். வயிற்றைக் கிழித்த வலியையே தாங்கியாயிற்று, தலைவலியைப் போய்ப் பெரிதாகச் சொல்வானேன் என்று ஒரு வீம்பும் இருந்தது.

உன்னை மடியில் போட்டுப் பால் கொடுக்க என்னால் முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்து, உன்னைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டுதான் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் பார்த்த உன் முகம் ஒரு கன்னம், ஒரு காது, பாதி மூக்கு, அவ்வளவுதான். ஈரத் துணியை மாற்றக்கூட வேறு யாராவது வர வேண்டும். ஆறாம் நாள், அடுத்த கட்டிலுக்கு வந்த மயக்க மருந்து டாக்டர் ஒருவர், நான் உட்காரப் பார்ப்பதையும் உடனே படுத்துவிடுவதையும் கவனித்துவிட்டு என் பக்கம் வந்தார். "படுத்தா போயிடுதா?" என்று கேட்டார். அந்த ஒரே கேள்விதான். ஆமாம் என்றேன். "முதுகுல போட்ட ஊசியால வந்தது இது. ரெண்டாம் நாளே எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார். அதற்குள் வலி தானாகத் தணியத் தொடங்கியிருந்தது. எட்டாம் நாள் காலையில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உன்னை மடியில் ஏந்தி, உன் முழு முகத்தையும் பார்த்தேன். அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உனக்கு அப்படிப் போகக் கூடாது.

சரி, இது ஏன் வருகிறது என்று சொல்கிறேன். நம் மூளையும் தண்டுவடமும் தண்ணீர் போலத் தெளிவான ஒரு திரவத்தில் மிதக்கின்றன. மொத்தமே சுமார் 150 மில்லிதான். ஆனால் உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்தத் திரவத்தைச் சுற்றி ஒரு கெட்டியான உறை. மரத்துப் போகும் மருந்தை அந்த உறைக்குள்தான் செலுத்த வேண்டும், அதனால் ஊசி உறையைத் துளைத்தே ஆக வேண்டும். (தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடும். ஊசி அதில் குத்திவிடுமோ என்று பயப்படாதே.) பெரும்பாலும் அந்தத் துளை தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூட நாளாகும், அது வரை திரவம் கசியும். சுரப்பதைவிடக் கசிவது அதிகமானால் மூளைக்குத் தாங்கல் குறைகிறது. நீ நிமிரும்போது அது கொஞ்சம் கீழே இறங்கி, சுற்றியுள்ள சவ்வுகளையும் ரத்தக் குழாய்களையும் இழுக்கிறது. படுத்தால் அந்த இழுப்பு இல்லை.

இந்த ஊசி தொடங்கிய நாளிலேயே இந்தத் தலைவலியும் தொடங்கிவிட்டது. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்ததைத் தன் உடம்பிலும் சோதித்துப் பார்த்தார். சிரிஞ்சு ஊசியோடு சரியாகப் பொருந்தாததால் அவருடைய முதுகிலிருந்து திரவம் நிறையக் கொட்டிவிட்டது. அப்புறம் ஒன்பது நாள் அவரால் எழுந்து நடமாட முடியவில்லை, படுத்தால் மட்டும் வலி போய்விட்டது. திரவம் வெளியேறியதுதான் காரணமாக இருக்கும் என்று அவரே எழுதி வைத்தார். நீ பிறந்து பல வருஷம் கழித்து இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்தது பயத்தாலும் இல்லை, தூக்கக் குறைவாலும் இல்லை என்று அத்தனை வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறாரே.

அவர் காலத்து ஊசி தடிமன். இப்போது சிசேரியனுக்குப் போடுவது மெல்லிய 25 அல்லது 27 கேஜ் ஊசி. எண் கூடக் கூட ஊசி மெல்லிசு. பருமனைவிட முனை முக்கியம். பழைய வகை ஊசி உறையை வெட்டிக்கொண்டு போகும். பென்சில் முனை ஊசி நார்களை விலக்கிக்கொண்டு போகும், எடுத்த பிறகு அவை ஓரளவு திரும்பச் சேர்ந்துவிடும். அந்த வகையில் 100 பேரில் ஒருவருக்கு வாக்கில்தான் தலைவலி வருகிறது. பழைய தடிமன் ஊசியில் மூன்றில் ஒருவருக்குக்கூட வந்திருக்கிறது. அதனால் மயக்க மருந்து டாக்டர் உன்னைப் பார்க்க வரும்போது, "பென்சில் முனை ஊசிதானே போடுவீங்க?" என்று கேள். தயங்காதே. எனக்கு வந்ததால் உனக்கும் வரும் என்று கணக்குப் போடவும் வேண்டாம்.

"பேசாம முழு மயக்கமே கேட்டுடலாமா?" என்றும் நீ கேட்டாய். வேண்டாம் கண்ணு. உனக்கென்று தனிக் காரணம் ஏதும் இருந்தால் டாக்டரே சொல்வார். மற்றபடி சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசிதான் பெரும்பாலும் தாய்க்கு நல்லது. மூச்சுக்குழாயில் டியூப் போடும் ஆபத்து இல்லை. குழந்தை பிறந்த உடனே அதன் குரலைக் கேட்கலாம். ஒரு வாரம் அவ்வளவு பட்ட பிறகும் இதைத்தான் சொல்கிறேன்.

இப்போது முக்கியமானது. இந்த வலி வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நாளைக்குள் தலைகாட்டிவிடும், ஐந்து நாள் வரைகூட ஆகலாம். அதற்குள் நீ வீட்டுக்கே வந்திருப்பாய். அப்போது வெறுமனே "தலைவலி" என்று சொல்லாதே. அந்த வார்த்தையைக் கேட்டால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். "முதுகில் ஊசி போட்டு சிசேரியன் ஆனது. உட்கார்ந்தால் வலிக்கிறது, படுத்தால் போகிறது" என்று முழுதாகச் சொல். மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேள். வார்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே.

முதலில் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போல எதையாவது கொடுப்பார்கள். டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் பால் கொடுப்பதற்குத் தடை இல்லை. காபி சிலருக்கு உதவும். அதிலுள்ள காஃபீன் விரிந்த ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஆனால் பால் வழியாகக் குழந்தைக்கும் போகும் என்பதால் அளவோடு. தாகத்துக்குத் தண்ணீர் குடி, அதற்காகக் குடம் குடமாக ஊற்றிக்கொள்ள வேண்டாம். தலையைத் தூக்காமல் படுத்தே கிடந்தால் வலி வராது என்பார்கள், அது உண்மை இல்லை. வலிக்கும்போது படுத்துக்கொள், அவ்வளவுதான். நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, பிள்ளை பெற்ற உடம்புக்கு அது இன்னும் அதிகம்.

இதற்கெல்லாம் கேட்காமல், எழுந்து குழந்தையைத் தூக்க முடியாத அளவுக்கு வலி இருந்தால், பிளட் பேட்ச் பற்றிக் கேள். உன் கையிலிருந்தே 20 மில்லி வாக்கில் ரத்தம் எடுத்து, முதுகில் அந்த உறைக்கு வெளியே செலுத்துவார்கள். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது போல அது உறைந்து ஓட்டையை அடைக்கும். ஊசி போடும்போது ரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக வருவதைக் கவனித்து, 1960இல் ஜேம்ஸ் கோர்ம்லி என்ற மருத்துவர் வெறும் 2, 3 மில்லியில் தொடங்கி வைத்தது இது. வலி தொடங்கிய உடனே போடுவதைவிட, ஒரு நாள் கழித்துப் போட்டால் நன்றாக நிற்கிறது. நிறையப் பேருக்கு அன்றே தலை லேசாகிவிடும். சிலருக்கு இரண்டாம் தடவை வேண்டியிருக்கும். காய்ச்சல் இருந்தால் போட மாட்டார்கள். போட்ட பிறகு சில நாள் முதுகு பிடித்துக்கொள்ளும், கனமானதைத் தூக்கக் கூடாது. முதுகில் மறுபடி ஊசியா என்று உனக்குத் தோன்றும். எனக்கு அன்று யாராவது கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

மாப்பிள்ளை இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கட்டும். பிரசவத்துக்குப் பின் வரும் எல்லாத் தலைவலியும் ஊசியால் வருவதில்லை. படுத்தாலும் போகாத வலி, கண் மங்குவது, கண்ணுக்குள் மின்னுவது, மேல்வயிற்று வலி இருந்தால் ரத்த அழுத்தமாக இருக்கலாம். பிரசவம் ஆகி ஆறு வாரம் வரைக்கும் அது வரக்கூடும். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, உட்கார்ந்தால் மட்டும் வந்த வலி, படுத்தாலும் விடாத வலியாக மாறினால் அதுவும் அவசரம்தான். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் கிளம்பிவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் போன் பண்ணுவேன். குழந்தை என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால், "உட்கார்ந்து பார்த்தியா?" என்றுதான் கேட்பேன். அப்போது மட்டும் நான் கவலைப்படுவேனே என்று "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிடாதே. நேற்று நான் உன்னிடம் சொன்னது போல.

அம்மா